இரவல் படத்தில் சேலை விற்காதீர்கள்

நல்லூரில் கொடியேறும் காலம் நெருங்கினால் யாழ்ப்பாணத்துக் கடைகளின் முகநூல் விளம்பரங்களும் பெருகிவிடும். அவற்றைச் செய்யப் புதிதாக வரும் இளைஞர்கள், நாங்கள் தொழில் தொடங்கிய காலத்தில் இருந்த அதே பழக்கங்களை அப்படியே தொடர்கிறார்கள். எழுத்துப் பிழையும் மங்கலான படமும் கை பழகப் பழகத் திருந்திவிடும். வாங்குபவரை ஏமாற்றும் தவறுகள் அப்படித் திருந்துவதில்லை. அவை முதலில் பலன் தருகின்றன.

இரவல் படம்

ஒரு தம்பி சேலைக்கென்று ஒரு பக்கம் தொடங்கினான். சூரத்து வியாபாரி ஒருவர் எடுத்த படத்தை இறக்கி, மூலையில் இருந்த பெயரை வெட்டிவிட்டுத் தன் கடைப் பெயரைப் போட்டான். படத்தில் பட்டு, கையிருப்பில் பட்டுப்போல மினுங்கும் பொலியெஸ்டர். மானிப்பாய், சாவகச்சேரி, பருத்தித்துறை என்று எங்கிருந்தும் ஓடர்கள் குவிந்தன. இங்கே பெரும்பாலும் பொதி கைக்கு வந்த பிறகுதான் காசு. பொதிகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. போன கூலி, வந்த கூலி, முகநூலுக்குக் கட்டிய காசு எல்லாம் அவன் தலையில். மகளின் சாமத்தியவீட்டுக்கு வாங்கிய ஒரு தாய் பொதியைக் கடைக்கே கொண்டுவந்தார். சத்தம் போடவில்லை. "தம்பி, படத்தில் இருப்பதைத் தாருங்கள்" என்று மட்டும் கேட்டார். அது அவனிடம் ஒருநாளும் இருந்ததில்லை.

"எல்லோரும் இப்படித்தானே செய்கிறார்கள், அண்ணா" என்றான் என்னிடம். எனக்கு இன்றும் ஆத்திரமூட்டுவது அந்தப் பதில்தான்.

விளம்பரம் பார்த்து வாங்கியவர்களிடம் பொருள் சொன்னபடி வந்ததா என்று கேட்கும் முறையை முகநூல் 2018 இல் கொண்டுவந்தது. அதிருப்தி கூடினால் விளம்பரம் குறைவான பேருக்கே காட்டப்படும். தொடர்ந்தால் விளம்பரம் செய்யும் வாய்ப்பே பறிபோகும். படத்தின் சொந்தக்காரர் பதிப்புரிமை முறைப்பாடு கொடுத்தால் பதிவும் நீக்கப்படும். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 30 ஆம் பிரிவு, நுகர்வோரை ஏமாற்றும் விதத்தில் வியாபாரி நடப்பதைத் தடைசெய்கிறது. ஏமாந்தவர் அந்த அதிகார சபையின் 1977 என்ற எண்ணுக்கு அழைத்தால் முறைப்பாடு பதிவாகிவிடும்.

காலை வெயிலில் முற்றத்துக் கொடியில் சேலையைத் தொங்கவிட்டுக் கைத்தொலைபேசியிலேயே படம் எடுங்கள். தலைப்பையும் கரையையும் கிட்ட நின்று எடுங்கள். என்ன துணி என்று எழுதுங்கள். ஓடர்கள் குறையும்தான், ஆனால் திரும்பி வரும் பொதிகள் அதைவிடக் குறையும்.

வெட்டிய விலை

5,000 ரூபாவை வெட்டி 2,500 என்று போடுகிறீர்கள். அந்த 5,000 ரூபாவுக்கு அதை ஒருநாளாவது விற்றிருக்க வேண்டும். அறை நிறையப் பொருளை வைத்துக்கொண்டு "இன்னும் 2 மட்டுமே" என்பதும் இதே பொய்தான். இந்தியாவில் 2023 இல் வந்த வழிகாட்டல்கள் இத்தகைய போலி அவசரத்தைப் பெயர் சொல்லியே தடுக்கின்றன.

"விலைக்கு இன்பொக்ஸ் வாருங்கள்"

விலையை எழுதுங்கள்.

கனடாவில் இருந்து ஒரு பாராட்டு

பனங்கட்டி, மிளகாய்த்தூள் போன்றவற்றை வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு விற்கும் பக்கங்களில் போலிப் பாராட்டுகள் அதிகம். ரொறன்ரோவில் இருந்து ஒரு அக்கா எழுதியதுபோல நீங்களே எழுதிப் போடாதீர்கள். எந்த ஊர், யாருடைய மகள் என்று எங்கள் சனங்கள் வட்ஸ்அப்பில் விசாரித்து அறிந்துவிடுவார்கள். போலி மதிப்புரைகளை எழுதுவதையும் வாங்குவதையும் தடுக்கும் விதி அமெரிக்காவில் 2024 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. மீறுபவர்களுக்குத் தண்டப்பணம் உண்டு.

ஆள் சேர்த்தால் பணம்

தொடாதீர்கள். ஆள் சேர்த்தால் பணம் என்று சொல்லும் பிரமிட் திட்டங்களை நடத்துவதை மட்டுமல்ல, விளம்பரப்படுத்துவதையும் எங்கள் வங்கித்தொழில் சட்டம் தடைசெய்கிறது.

வெளிநாட்டு வேலை

வெளிநாட்டு வேலை விளம்பரத்துக்குப் படம் வடிவமைத்துக் கொடுப்பவருக்கு அதில் பொறுப்பில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். இருக்கிறது. காணி உறுதியை ஈடு வைத்தும் நகையை விற்றும் ஒரு குடும்பம் கட்டும் காசு அது. இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் இல்லாமல் ஆள் சேர்ப்பது 1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். விளம்பரம் கேட்டு வருபவரிடம் முதலில் உரிம இலக்கத்தைக் கேளுங்கள். பேச்சை மாற்றினால் வேலையை ஏற்காதீர்கள். தந்தால், பணியகத்தின் 1989 என்ற எண்ணுக்கு அழைத்து அது செல்லுபடியாகிறதா என்று விசாரியுங்கள். பிறகு அந்த இலக்கத்தை விளம்பரத்திலேயே பெரிய எழுத்தில் போடுங்கள்.