மந்தமான காலத்தில் விலை கூடிய வேக்குவம் க்ளீனரை விற்பது எப்படி

பெரிய கடைகளில் வேக்குவம் க்ளீனர் வரிசை முன்னால் நின்று விற்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் பல வருடம் அங்கே நின்றவன். வியாபாரம் படுத்துவிட்டால் எல்லோரும் முதலில் சொல்வது "ஜனங்க கையில காசு இல்லை" என்பதுதான். அது பாதி உண்மை. காசே இல்லாதவர் அந்த வரிசைப் பக்கம் வருவதே இல்லை. வந்து நின்று, கைப்பிடியைத் தொட்டுப் பார்த்து, விலைச்சீட்டைத் திருப்பிப் பார்க்கிறாரே, அவரிடம் காசு இருக்கிறது, கூடவே ஒரு பயமும் இருக்கிறது: இவ்வளவு போட்டு வாங்கி, இரண்டு மாதத்தில் வேலைக்கே ஏதாவது ஆகிவிட்டால் இதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியுமே என்ற பயம். நம் வேலை அந்தப் பயத்தோடுதான். தள்ளுபடியை நீட்டினால் பயம் போய்விடாது, "அப்போ நேற்று வரை ஏன் அந்த விலை?" என்ற சந்தேகம்தான் கூடும்.

அதனால் "என்ன வேணும்?" என்று ஆரம்பிக்காதீர்கள், "சும்மா பார்க்க வந்தேன்" என்ற பதில்தான் வரும். "இப்போ வீட்டில் எதை வைத்துச் சுத்தம் செய்கிறீர்கள்?" என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு யாரும் ஒரு வார்த்தையில் பதில் சொல்வதில்லை. பழைய மெஷின் இழுக்கவே மாட்டேன் என்கிறது, நாய் முடி சோபாவில் ஒட்டிக்கொண்டு வரவே இல்லை, மாடிப்படியில் தூக்க முடியவில்லை, பையனுக்கு வீசிங் என்று அவர்களே கொட்டுவார்கள். அதைக் காது கொடுத்துக் கேளுங்கள், நடுவில் மாடல் பெயர் எதையும் சொல்லாதீர்கள். தரை என்ன, கார்ப்பெட்டா டைல்ஸா, எத்தனை அறை, யார் சுத்தம் செய்கிறார்கள் என்று தெரிந்துவிட்டால் எந்த மெஷின் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். சில சமயம் விலை கூடியது அவருக்குத் தேவையே இல்லை என்றும் தெரியும். ஒரே அறை, கார்ப்பெட் இல்லை, செல்லப்பிராணி இல்லை என்றால் சின்ன மெஷினையே காட்டி அனுப்புங்கள். நான் அப்படி அனுப்பியவர்களில் சிலர் பிறகு அக்காவையும் பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வந்து, "இவர் சொன்னால் சரியாக இருக்கும்" என்று என் முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள்.

அடுத்தது டெமோ. விற்பனையில் முக்கால்வாசி இங்கேதான் முடிகிறது, ஆனால் பலரும் அலட்சியமாகச் செய்வதும் இதைத்தான். காலையில் கடை திறக்கும் முன் டெமோ பீஸ் முழுச் சார்ஜில் இருக்கிறதா, பிரஷில் சுற்றிய முடியைக் கத்தரித்து எடுத்தாயிற்றா, குப்பைக் கிண்ணம் துடைத்திருக்கிறதா, ஃபில்டர் சுத்தமா என்று பாருங்கள். வாடிக்கையாளர் கையில் எடுத்த நேரத்தில் மெஷின் சோர்ந்து நின்றால் அன்றைக்கு அவ்வளவுதான். சிலர் மாவு மாதிரி மெல்லிய பொடியைக் கொட்டிக் காட்டுகிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அந்தப் பொடி ஃபில்டரை அடைத்து, சாயங்காலத்துக்குள் அதே மெஷின் பாதி சக்தியில்தான் இழுக்கும். நான் ஒரு டப்பாவில் சலித்த மணலும் கொஞ்சம் தலைமுடியும் வைத்திருப்பேன். ஒரு துண்டு கார்ப்பெட்டில் அதைத் தூவி, கட்டை விரலால் அழுத்தித் தேய்த்து உள்ளே இறக்கிவிடுவேன். மேலே பார்த்தால் ஒன்றுமே தெரியாது. பிறகு மெஷினை அவர் கையில் கொடுத்துவிட்டு ஒரு அடி பின்னால் போய் நின்றுகொள்வேன். மணல் குழாய்க்குள் கரகரவென்று ஏறும் சத்தம் கேட்டதும் அவர் முகத்தைப் பாருங்கள். அந்த நேரத்தில் வாயைத் திறக்கவே கூடாது.

முடிந்ததும் கிண்ணத்தைக் கழற்றி அவர் எதிரிலேயே கொட்டுங்கள். இதற்கு ஒரு பழைய கதை உண்டு. ஜேம்ஸ் டைசன் என்ற பிரிட்டிஷ் கண்டுபிடிப்பாளர் 5,127 மாதிரிகள் செய்து பார்த்த பிறகுதான் பை இல்லாத தன் மெஷினுக்கு வடிவம் கிடைத்தது. 1993-ல் டிசி01 என்ற பெயரில் அது பிரிட்டனில் விற்பனைக்கு வந்தபோது, அந்த நாடு 1990களின் தொடக்கத்து மந்தத்திலிருந்து அப்போதுதான் எழுந்துகொண்டிருந்தது. மற்ற மெஷின்களைவிட விலையும் அதிகம். உள்ளே இருக்கும் அழுக்கு வெளியே தெரிகிற கிண்ணத்தை யாரும் விரும்ப மாட்டார்கள் என்று சொன்னவர்கள் நிறைய பேர். அவர் அதை மாற்றவில்லை, மெஷினும் விற்றது. தான் எடுத்த அழுக்கைத் தன் கண்ணால் பார்த்தவருக்கு நாம் வேறு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

நம்பர்களில் கவனமாக இருங்கள். "அங்கே 2000 வாட் இருக்கிறதே, இது ஏன் கம்மி?" என்று கட்டாயம் கேட்பார்கள். வாட் என்பது மெஷின் குடிக்கும் கரண்ட், இழுக்கும் சக்தி இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் வீட்டு வேக்குவம் க்ளீனர்களுக்கு 2014-ல் 1600 வாட் என்றும் 2017-ல் 900 வாட் என்றும் உச்சவரம்பு வைத்தது, அப்புறமும் அங்கே நல்ல மெஷின்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. இழுவையை ஒப்பிட வேண்டுமானால் ஏர் வாட்டை, அதாவது இழுக்கும் சக்தியின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். ஹெப்பா என்ற, மிக நுண்ணிய தூசியையும் பிடிக்கும் ஃபில்டர் கேட்டு வருகிறவரிடம் எச்13 தரம் என்றால் பிடிப்பதற்கே மிகக் கடினமான அளவுத் துகளிலும் 99.95 சதவீதத்தைப் பிடிக்கும் என்று சொல்லலாம். ஆனால் மெஷின் உடம்பில் எங்காவது காற்று கசிந்தால் அந்த ஃபில்டரால் பலன் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வீசிங் குணமாகிவிடும் என்று மட்டும் சொல்லவே சொல்லாதீர்கள். நோயை வைத்து விற்பது பாவம்.

கார்ட்லெஸ், அதாவது வயர் இல்லாமல் பேட்டரியில் ஓடும் மெஷின் என்றால் பெட்டியில் போட்டிருக்கும் நிமிடக் கணக்கு பெரும்பாலும் குறைந்த வேகத்துக்கானது, முழு வேகத்தில் வைத்தால் சில நிமிடங்களிலேயே சார்ஜ் இறங்கிவிடும். இதை நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள். வீட்டில் போய்த் தெரிந்துகொண்டால் பொருள் திரும்பி வரும், மந்தக் காலத்தில் திரும்பி வருகிற ஒவ்வொரு பெட்டியும் டார்கெட்டில் இரண்டு அடி.

விலை பேச்சு வரும்போது மொத்தத் தொகையை வருடக் கணக்காக உடைத்துக் காட்டுங்கள். மலிவு மெஷினின் மூன்று மடங்கு விலை என்று வைத்துக்கொள்வோம். மலிவானது மூன்று வருடத்தில் போய், இது ஒன்பது வருடம் ஓடினால் வருடச் செலவு இரண்டுக்கும் ஒன்றே. ஆனால் இந்தக் கணக்கு நிற்க வேண்டுமானால் உதிரிபாகம் கிடைக்க வேண்டும், பேட்டரியைத் தனியாக மாற்ற முடிய வேண்டும், அந்தப் பேட்டரியின் விலையையும் கூட்டிக்கொள்ள வேண்டும். அதையும் சேர்த்தே பேப்பரில் எழுதி அவர் கையில் கொடுங்கள், வாயால் சொன்னது வாசலைத் தாண்டாது. தவணை கேட்டால் மாதத் தொகையோடு வட்டி சேர்த்த மொத்தத்தையும் எழுதுங்கள். வேலை ஆட்டம் காண்கிறது என்று அவர் வாயாலேயே சொன்னால் தவணையில் தள்ளிவிடாதீர்கள்.

போனை எடுத்து ஆன்லைன் விலை பார்ப்பார்கள். முகம் சுளிக்காமல் கூட நின்று பாருங்கள். மாடல் எண்ணின் கடைசி எழுத்து வரை ஒன்றுதானா, கூட வரும் பிரஷ்கள் எத்தனை, வாரண்டி யார் தருகிறார்கள் என்று பார்த்தால் பல தடவை அது வேறு பொருளாகவே இருக்கும். நிஜமாகவே அதே பொருள் குறைந்த விலைக்கு இருந்தால் ஒத்துக்கொண்டு, மேனேஜரிடம் போய்க் கேளுங்கள். விலையில் கை வைக்க முடியாவிட்டால் மெத்தை பிரஷோ ஒரு செட் ஃபில்டரோ சேர்த்துத் தர முடியுமா என்று கேளுங்கள்.

கணவன் மனைவியாக வந்தால் இருவரிடமும் பேசுங்கள். பணம் கொடுப்பவரை மட்டும் பார்த்துப் பேசினால், தினமும் அதைத் தள்ளப்போகிறவர் "அப்புறம் பார்க்கலாம்" என்று எழுந்துவிடுவார். அப்படிப் போகிறவரைப் பின்னாலேயே போய் வற்புறுத்தவும் கூடாது. மாடல் எண், அவர் சொன்ன பிரச்சினை, உங்கள் வேலை நேரம் மூன்றையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள்.

கடையில் வேலை செய்கிற மற்றவர்களோடும் உறவு வேண்டும். இந்த மாதிரி காலத்தில் கடையில் ஆள் குறைப்பார்கள், உங்களுக்கு வார விடுமுறை வரும் நாளில் உங்கள் மெஷின் பக்கம் யாருமே இருக்க மாட்டார்கள். பக்கத்து வரிசைப் பையனுக்கு அந்த மணல் டெமோவை மட்டும் ஐந்து நிமிடத்தில் சொல்லிக்கொடுத்துவிடுங்கள், டப்பா எங்கே இருக்கிறது என்பதையும் காட்டிவிடுங்கள்.

விற்ற பிறகு, அவர் சம்மதித்து நம்பர் கொடுத்திருந்தால் ஒரு மாதம் கழித்து ஒரு போன் போடுங்கள். ஃபில்டரைக் கழுவினீர்களா, கழுவியதும் 24 மணி நேரம் நன்றாகக் காயவிட்டுத்தான் மாட்டினீர்களா என்று கேட்டால் போதும். ஈரத்தோடு மாட்டிவிட்டு, நாற்றம் வருகிறது, இழுக்கவில்லை என்று தவிக்கிறவர்கள் நிறைய பேர், அவர்களில் பலர் நம்மைக் கூப்பிடுவதே இல்லை.