பால்குடி மறக்கும் வரை பன்றிக்குட்டிகளுக்குத் தீவனம்: நாள்வாரியாகச் செய்ய வேண்டியவை

முதல் நாள்: சீம்பால்

நோய் எதிர்ப்பு சக்தி நஞ்சுக்கொடி வழியாகக் குட்டிக்கு வராது, சீம்பாலில்தான் வரும். அதைக் குடல் உறிஞ்சிக்கொள்வது சுமார் 24 மணி நேரம் மட்டுமே, அதுவும் மணிக்கு மணி குறையும். ஒவ்வொரு குட்டியும் முதல் 6 மணி நேரத்துக்குள் வயிறாரக் குடித்துவிட வேண்டும். முதல் நாள் முழுவதும் சேர்த்து ஒரு குட்டிக்கு 200 முதல் 250 கிராம் தேவை.

குட்டியைத் துடைத்துக் காயவைத்துத் தாயின் மடியில் விடுங்கள். 1 கிலோவுக்குக் குறைவான குட்டிகளுக்கு முன்காம்புகளைக் கொடுங்கள், அங்கேதான் பால் அதிகம். குட்டிகள் நிறைய இருந்தால், வயிறு நிறைந்த பெரியவற்றை ஒரு மணி நேரம் கதகதப்பான பெட்டியில் எடுத்து வையுங்கள். அந்த நேரத்தில் சின்னவை குடித்துவிடும்.

உறிஞ்சத் தெம்பில்லாத குட்டிக்குத் தாயிடம் கறந்த சீம்பாலை 10 முதல் 15 மி.லி., ஊசி கழற்றிய சிரிஞ்சில், வாயோரமாகச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். வேகமாக அழுத்தினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். குட்டியின் உடம்பு சில்லிட்டிருந்தால் முதலில் சூடேற்றுங்கள், பிறகுதான் பால்.

படுக்கும் இடம் 32 முதல் 34 டிகிரி செல்சியஸ் இருக்கட்டும். ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படுத்தால் குளிர்கிறது, சூடேற்றும் விளக்கை விட்டு விலகிப் படுத்தால் சூடு அதிகம் என்று அர்த்தம்.

3-4ஆம் நாள்: இரும்புச்சத்து

தாய்ப்பாலில் கிடைக்கும் இரும்பு நாளுக்கு 1 மி.கி. அளவே, குட்டிக்குத் தேவையோ சுமார் 7 மி.கி. சிமெண்ட் தரையில் வளரும் குட்டிக்கு மண்ணிலிருந்தும் கிடைக்காது. கழுத்துத் தசையில் 200 மி.கி. அயர்ன் டெக்ஸ்ட்ரான் (இரும்புச்சத்து ஊசிமருந்து) போடுங்கள். பாட்டிலில் மி.லி.க்கு 100 மி.கி. என்றிருந்தால் 2 மி.லி., 200 மி.கி. என்றிருந்தால் 1 மி.லி. தவறவிட்டால் காது வெளுத்து மூச்சிரைக்கும். வேகமாகக் கொழுக்கும் குட்டிதான் முதலில் சோகையில் விழும், தோற்றத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

7-10ஆம் நாள்: குட்டித் தீவனம்

மூன்றாம் வாரத்தோடு தாயின் பால் உச்சம் தொட்டுவிடும், குட்டியின் பசி நிற்காது. அதற்குள் குடல் தீவனத்துக்குப் பழக வேண்டும். 20 முதல் 22 சதவீதம் புரதமுள்ள குட்டித் தீவனத்தை, தாய் எட்டாத இடத்தில், தட்டையான தட்டில் ஒரு கைப்பிடி வையுங்கள். தினம் 3-4 முறை புதிதாக வைத்து, மிச்சத்தைத் தாய்க்குப் போட்டுவிடுங்கள். ஈரம்பட்டுப் புளித்தால் கழிச்சல் வரும். பெரிய பன்றிகளின் தீவனம் வேண்டாம், அதிலுள்ள மாவுச்சத்தைச் செரிக்கும் நொதிகள் இந்த வயதில் போதாது.

பால் குடிக்கிறதே என்று தண்ணீரை விட்டுவிடாதீர்கள். முதல் வாரத்திலிருந்தே ஆழமில்லாத தட்டில் சுத்தமான தண்ணீர் இருக்கட்டும். தண்ணீர் இல்லாத கொட்டிலில் குட்டிகள் தீவனத்தைத் தொடாது.