பயிற்சிக்குக் கிளம்பும் முன்: டெல்டா ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்குக் குறுவள மையக் கூட்டம், அதாவது சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்களுக்கான பயிற்சி. எங்கள் பள்ளியிலிருந்து பதினொரு கிலோமீட்டர். டவுன் பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்தது பத்தே காலுக்குத்தான். போனதும் வருகைத் தாளில் கையெழுத்து, ஒரு டீ, ஒரு வடை. முன்னால் பயிற்சி கொடுக்கும் கருத்தாளர் பேசிக்கொண்டிருப்பார். பின்வரிசையில் ஒருவர் நோட்டுத் திருத்துவார், இன்னொருவர் போனில் பி.எஃப். கணக்குப் பார்ப்பார். நாலரைக்குக் கலைவோம். ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் இருபது வருடத்துக்கு மேல் ஓட்டியவன் என்பதால் சொல்கிறேன், பின்வரிசையில் நோட்டுத் திருத்தியவன் நானேதான்.

"சுத்த வேஸ்ட்டுங்க சார்" என்று பஸ் ஸ்டாப்பில் பேசிக்கொள்வோம். பல நாள் அது நிஜமும்கூட. ஆனால் அதே ஹாலில் உட்கார்ந்துவிட்டு, ஒரு பருவத்துக்கு ஆகிற சரக்கோடு வீட்டுக்குப் போகும் டீச்சர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் பையில் எப்போதும் ஏதாவது ஒரு பிள்ளையின் நோட்டு இருக்கும். எனக்கு இது புரிய ரொம்ப நாளாயிற்று.

கேள்வி இல்லாமல் போவது

மூன்றாம் வகுப்பில் ஒரு பையன். 42-இல் 17 போனால் 35 என்று எழுதுவான். 63-இல் 28 போனால் 45. சொல்லிக் கொடுத்தால் தலையாட்டுவான், மறுநாள் திரும்ப அதே 35. கவனக்குறைவு என்று நினைத்துப் பத்துக் கணக்கு கூடுதலாகக் கொடுத்தேன். பத்தும் அதே மாதிரி தப்பு.

ஒரு கூட்டத்துக்குப் போகும்போது அந்த நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். சாப்பாட்டு நேரத்தில் வலங்கைமான் பக்கத்து டீச்சர் ஒருவர் வாங்கிப் பார்த்தார். நாலு கணக்கைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். "அவன் ஒழுங்காத்தான் சார் போட்டிருக்கான். பெரிய நம்பர்லேருந்து சின்ன நம்பரைக் கழிக்கணும்னு நாமதானே சொல்லிக் குடுத்தோம்? ஏழுலேருந்து ரெண்டைக் கழிச்சிருக்கான், அஞ்சு வந்திருக்கு."

எனக்குப் பகீரென்றது. தப்பு அவனுடைய கவனத்தில் இல்லை, என் வாக்கியத்தில் இருந்திருக்கிறது.

குச்சிக்கட்டு எங்கள் பள்ளியிலும் இருந்தது. பயிற்சியில் கொடுத்தது, பீரோவுக்குள் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை எடுத்து, பத்துப் பத்தாக நாலு கட்டும் இரண்டு உதிரியும் அவன் முன்னால் வைத்து, பதினேழு கொடு என்றேன். கொஞ்ச நேரம் பார்த்தான். சட்டென்று ஒரு கட்டின் ரப்பர் பேண்டை உருவிவிட்டான். "ஏன்டா பிரிச்சே?" என்றால், "முடியப் பிரிக்காம எப்படி சார் நடுறது?" என்கிறான். அவன் அம்மா நடவுக்குப் போகிறவர். நாற்று முடியை, அதாவது நாற்றுக்கட்டைப் பிரிப்பதை நாலு வயதிலிருந்து பார்த்தவனிடம் நான் 'பக்கத்து வீட்டில் கடன் வாங்கு' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றோடு கடன் வாங்குவது எங்கள் வகுப்பில் ஒழிந்தது. இப்போது முடியைப் பிரிக்கிறோம்.

இதற்காக அந்தக் கூட்டத்தின் தலைப்பு கழித்தலாக இருக்க வேண்டியிருக்கவில்லை. அன்றைய தலைப்பு என்னவென்றே எனக்கு இப்போது நினைவில்லை. அதனால்தான் சொல்கிறேன்: அடுத்த கூட்டத்துக்குத் தப்பு நிறைந்த நோட்டு ஒன்றைக் கொண்டுபோங்கள். அழகான நோட்டு வேண்டாம், அது ஆய்வுக்கு வரும் அலுவலருக்கு.

சான்றிதழ் சேர்ப்பது

2020 ஊரடங்கில் வந்த மோகம் இது. வாட்ஸ்ஆப்பில் காலையில் ஒரு வினாடி வினா, மாலையில் ஒரு வெபினார். பத்துக் கேள்விக்குத் தட்டினால் தங்க நிற பார்டர் போட்ட சான்றிதழ் மின்னஞ்சலில் வந்து நிற்கும். என்னிடமே முப்பது நாற்பது இருக்கும். ஒன்றைக்கூடப் பணிப்பதிவேட்டில் ஏற்றியதில்லை, ஏற்றவும் மாட்டார்கள். இதே ரகத்தில் கட்டணம் கட்டினால் 'சிறந்த ஆசிரியர்' பட்டமும் சால்வையும் தரும் கடைகள் உண்டு. பணம் கேட்டுக் கொடுக்கும் விருதைப் பற்றி மேலே சொல்ல ஒன்றுமில்லை.

கணக்கில் வருகிற பயிற்சி வேறு. தேசியக் கல்விக் கொள்கை 2020, ஓர் ஆசிரியர் ஆண்டுக்கு 50 மணி நேரமாவது தொடர் பணித்திறன் மேம்பாட்டில் செலவிட வேண்டும் என்கிறது. அந்தக் கொள்கையோடு தமிழ்நாட்டுக்கு உள்ள வழக்கு ஒரு பக்கம் இருக்கட்டும், 2019-இல் தொடங்கிய மத்திய அரசின் நிஷ்டா ஆசிரியர் பயிற்சியை நம்மில் பெரும்பாலோர் திக்‌ஷா இணையதளத்தில் முடித்திருக்கிறோம். அங்கே நடக்கிற தவறுகள் சில்லறைத் தவறுகள்தான், ஆனால் அலைய வைக்கும். திக்‌ஷாவில் உங்கள் பெயர் எப்படிப் பதிவாகியிருக்கிறதோ அப்படியேதான் சான்றிதழில் அச்சாகும். மகனின் போனில், மகனின் கணக்கில் முடித்துவிட்டு, மகன் பெயரில் சான்றிதழ் வாங்கிய தலைமையாசிரியர் ஒருவரை எனக்குத் தெரியும். பயிற்சித் தொகுதி முடியும் தேதிக்கு முந்தின இரவு உட்காருவது இன்னொன்று. எல்லாரும் அன்றுதான் உட்காருவார்கள், வீடியோ சுற்றிக்கொண்டே இருக்கும். இறுதி மதிப்பீட்டில் 70 சதவீதம் வாங்கினால்தான் சான்றிதழ் என்பதால், வீடியோவை ஓடவிட்டுவிட்டுச் சமையலுக்குப் போகிறவர்கள் கடைசியில் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஈராசிரியர் பள்ளியை மறந்துவிடுவது

டெல்டாவில் எத்தனையோ தொடக்கப்பள்ளியில் இரண்டே பேர். ஒருவர் 'எண்ணும் எழுத்தும்' திட்டப் பயிற்சிக்குப் போனால் மற்றவருக்கு ஐந்து வகுப்பு. அதில் சத்துணவுக் கணக்கு, எமிஸ் இணையதளத்தில் மாணவர் விவரப் பதிவு, யாராவது பிள்ளைக்குக் காய்ச்சல். கிளம்புகிற அன்று காலை "நான் ஓ.டி. சார்" (வெளியே அலுவல் பணி) என்று போனில் சொல்லிவிட்டுப் போனால், திரும்பி வரும்போது அந்த மனிதருக்குப் பயிற்சி என்ற வார்த்தையே கசந்திருக்கும். முந்தின நாளே என் வகுப்புக்கு என்ன வேலை, எந்தப் பிள்ளை யாருக்குப் படித்துக்காட்ட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி மேசையில் வைத்துவிட்டுப் போவேன். பாதிதான் நடக்கும், பரவாயில்லை.

திரும்பி வந்ததும் கையேட்டை பீரோவில் வைத்துப் பூட்டுவது இதன் மறுபாதி. உங்களுக்காக ஐந்து வகுப்பைச் சுமந்தவருக்கு, அங்கே கேட்டதில் உருப்படியான ஒன்றையாவது சாப்பாட்டு வேளையில் செய்து காட்டலாம். இல்லாவிட்டால் அவர் உங்கள் வகுப்பில் வந்து உட்கார்ந்து பார்க்கலாம். இன்னொரு ஆசிரியர் நம் வகுப்பில் உட்கார்ந்தாலே 'ஆய்வு' என்று நமக்கு உடம்பு விறைத்துவிடுகிறது. காசு செலவில்லாத நல்ல பயிற்சி அதுதான் என்பது என் கட்சி.

சுற்றறிக்கை வரட்டும் என்று காத்திருப்பது

பல வாய்ப்புகள் நம் ஒன்றியத்துக்கு வந்துசேர்வதற்குள் விண்ணப்பத் தேதி முடிந்திருக்கும். பெங்களூருவில் 1963-இலிருந்து தென்னிந்திய மண்டல ஆங்கில நிறுவனம் இருக்கிறது. ஆங்கிலம் கற்பிக்கும் பள்ளி ஆசிரியர்களுக்கு அங்கேயே தங்கிப் படிக்கும் பயிற்சி நடத்துகிறார்கள். ஒரு மாதம் வீட்டை விட்டுப் போக முடியுமா என்று தயங்கி விட்டவர்கள் நிறைய, பெண் ஆசிரியர்கள் அதிகம். அந்தத் தயக்கத்தைத் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். விஷயமே தெரியாமல் விடுவதைத்தான் சொல்கிறேன். 1979-இல் புதுதில்லியில் தொடங்கிய பண்பாட்டு வளங்கள் மற்றும் பயிற்சி மையம், பொம்மலாட்டத்தை வைத்துப் பாடம் நடத்துவது போன்றவற்றைப் பணியிலுள்ள ஆசிரியர்களுக்குக் கற்றுத்தருகிறது. பெரிய கோயிலும் சரஸ்வதி மகால் நூலகமும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கிற நமக்கு அதற்குப் பின் வேலைக்கா பஞ்சம்?

அருகிலேயே இருப்பது மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம். திருவாரூர் மாவட்டத்துக்கு மன்னார்குடியில், நாகைக்குக் குருக்கத்தியில். ஏதாவது பயிற்சிக்குக் கூப்பிட்டால் மட்டும் போகும் இடமாக அதை வைத்திருக்கிறோம். தன் வகுப்புச் சிக்கலை ஆசிரியரே ஆராயும் செயல் ஆய்வுக்கு அங்கே வழிகாட்டல் கிடைக்கும். நடவுக் காலத்தில் வீட்டின் மூத்த பெண் பிள்ளைகள் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றுவிடுவது, அதற்குப் பிறகு வாசிப்பில் பின்தங்குவது என்று நம் ஊருக்கே உரிய கேள்விகள் கிடக்கின்றன. சென்னையிலிருந்து யாரும் வந்து அதை எழுதப் போவதில்லை. குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு வழிகாட்டி ஆசிரியராகப் போனாலும் இதே பயிற்சிதான். வாய்க்கால் தண்ணீரின் உப்பைப் பற்றி ஏழாம் வகுப்புப் பெண்கள் கேட்ட கேள்விக்குப் பதில் தேடிப் படித்ததுபோல் நான் பி.எட்.டில்கூடப் படிக்கவில்லை.

முன் அனுமதி இல்லாமல் மேல்படிப்பு

பணக்கணக்காகப் பார்த்தால் அதிகம் வலிக்கும் தவறு இதுதான். அஞ்சல் வழியில் எம்.ஏ. சேர்ந்து, முடித்து, பட்டமும் வாங்கிய பிறகு "சார், இதை எஸ்.ஆர்.ல, பணிப்பதிவேட்டுல ஏத்தணும்" என்று போய் நிற்பது. துறையின் முன் அனுமதி ஆணை எங்கே என்று கேட்பார்கள். விண்ணப்பம் போடுவதற்கு முன்பே அனுமதி கேட்டுவிடுங்கள், கொடுத்த விண்ணப்பத்தின் நகலில் தேதியோடு ஒப்புதல் கையெழுத்து வாங்கி வையுங்கள். தேர்வு நாளிலும் நேர்முக வகுப்பு நாளிலும் விடுப்பு எடுத்திருக்க வேண்டும். அதே தேதியில் பள்ளி வருகைப் பதிவேட்டிலும் கையெழுத்து இருந்தால் தணிக்கையில் சிக்கும், வருடங்கள் கழித்துக்கூட.

சேரும் ஆண்டில் அந்தப் பல்கலைக்கழகத்தின் அந்தக் குறிப்பிட்ட தொலைநிலைப் படிப்புக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் அங்கீகாரம் இருந்ததா என்பதை அவர்கள் பட்டியலிலேயே பாருங்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் பெரிதாக இருப்பது போதாது. ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்கலாம் என்று யுஜிசி 2022-இல் சொன்னதை நம்பித் துறையில் கேட்காமலே இரண்டில் சேர்ந்தவர்கள் உண்டு. யுஜிசி அனுமதி வேறு, துறை அனுமதி வேறு. எம்.ஃபில். பற்றி இன்னும் என்னிடம் கேட்கிறார்கள். 2022 விதிமுறையோடு அந்தப் படிப்பே நின்றுவிட்டது. மேல்படிப்புக்குக் கிடைத்துவந்த பழைய ஊக்க ஊதிய உயர்வை மனதில் வைத்துச் சேர்கிறவர்களும், 2020 மார்ச் அரசாணையோடு அது ரத்தானதைத் தெரிந்துகொண்டு சேருங்கள்.

ஆசிரியர் தகுதித் தேர்வை (டெட்) தனியாகச் சொல்ல வேண்டும். 2025 செப்டம்பர் 1 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் உள்ளவர்கள் இரண்டு ஆண்டுக்குள் டெட் தேர்ச்சி பெற வேண்டும் என்றது. இருபது வருடம் பாடம் நடத்தியவருக்கு அது அவமானமாகப் படுவது நியாயம்தான், எனக்கும் பட்டது. ஆனால் கோபத்தில் புத்தகத்தைத் தொடாமல் இருப்பதும், வாட்ஸ்ஆப் பார்வர்டை நம்பி "நமக்கு வராதுங்க" என்று உட்காருவதும் ஒரே தவறின் இரண்டு வடிவம். அரசாணை வந்தால் முழுவதும் படியுங்கள். 150 வினாவில் 30 குழந்தை மேம்பாடும் கற்பித்தலும். அந்தப் பகுதியைப் படிக்கும்போதுதான் 42-இல் 17 போன பையன் மறுபடி ஞாபகத்துக்கு வந்தான்.

சின்னதாக இன்னொன்று. ஐப்பசி, கார்த்திகையில் பயிற்சித் தேதி விழுந்தால் அந்த ஊர் பஸ் ஓடுகிறதா என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். மழை விடுமுறை விட்டால் அது பயிற்சிக்கும் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். சனிக்கிழமைப் பயிற்சிக்கு ஈடுசெய் விடுப்பு உண்டென்றால் வருகைச் சான்றை அன்றே கையோடு வாங்கிவிடுங்கள். மூன்று மாதம் கழித்துப் போனால் கருத்தாளரே மாறியிருப்பார்.