நிர்வாகத் தரப்பு லேபர் வக்கீல்: கடலூர், புதுச்சேரி ஜூனியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கம்பெனி தரப்பில் தொழிலாளர் வழக்கு நடத்தும் வக்கீல் கையில் கேஸ் கட்டு வந்து சேரும்போது பெரும்பாலும் பாதி வழக்கு முடிந்திருக்கும். எச்.ஆர். மேனேஜர் கோபத்தில் சார்ஜ் மெமோ (தொழிலாளி மீதான குற்றச்சாட்டுக் கடிதம்) டைப் செய்த அன்றே அது முடிந்துவிடுகிறது. ஆகவே கோர்ட்டில்தான் தன் வேலை தொடங்குகிறது என்று ஜூனியர்கள் நினைப்பதை முதல் தவறாகச் சொல்வேன். "அவனை நாளைக்கே அனுப்பணும் சார்" என்று முதலாளி போன் செய்யும்போது, "இன்னைக்கு எந்த லெட்டரும் கொடுக்காதீங்க, ஃபைலை அனுப்புங்க" என்று சொல்லத் தெரிந்தவர்தான் இந்தத் தொழிலில் நிலைக்கிறார்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. ஆனாலும் கோர்ட் வராந்தாவில் இன்னும் 1947ஆம் ஆண்டு தொழில் தகராறு சட்டத்தின் பிரிவு எண்கள்தான் புழங்குகின்றன, நிலுவையில் இருக்கும் பழைய வழக்குகளும் அதன் கீழ் வந்தவை. அதனால் இங்கே பழைய எண்களையே சொல்கிறேன்.

நம் பகுதிக்கென்றே ஒரு தவறு உண்டு. கடலூர்-புதுச்சேரி எல்லையான முள்ளோடையைத் தாண்டினால் சட்டமும் மாறும் என்பது பலருக்கு உறைப்பதில்லை. ஒரே முதலாளிக்குக் கடலூர் சிப்காட்டில் ஒரு யூனிட், புதுச்சேரி மேட்டுப்பாளையத்திலோ சேதராப்பட்டிலோ இன்னொன்று என்று இருக்கும். இரண்டுக்கும் ஒரே நோட்டீஸைப் பெயர் மாற்றி அனுப்புவார்கள். தமிழ்நாட்டில் 24 மாதங்களில் 480 நாள் வேலை பார்த்தவருக்கு நிரந்தரத் தகுதி கொடுக்க வேண்டும் என்று 1981இல் வந்த மாநிலச் சட்டம் இருக்கிறது. புதுச்சேரிக்கு அது பொருந்தாது. பிழைப்பூதியத்திலும், அதாவது சஸ்பென்ஷன் காலத்தில் தரும் சம்பளத்திலும், கணக்கு வேறு. சஸ்பென்ஷனில் இருப்பவருக்கு முதல் 90 நாள் பாதிச் சம்பளம், அதன் பிறகு 75 சதவீதம் என்பது வரை இரண்டு பக்கமும் ஒன்றுதான். விசாரணை இழுத்துக்கொண்டே போய் 180 நாள் தாண்டினால், தாமதத்துக்கு அவர் காரணமில்லை என்ற நிலையில், தமிழ்நாட்டுச் சட்டப்படி முழுச் சம்பளம் தர வேண்டும். புதுச்சேரிக்குப் பொருந்திய பழைய மத்திய நிலையாணைச் சட்டமோ 75 சதவீதத்தோடு நின்றுவிட்டது. கடைகள், நிறுவனங்கள் சட்டமும் இந்தப் பக்கம் 1947ஆம் ஆண்டுடையது, அந்தப் பக்கம் 1964ஆம் ஆண்டுடையது. நெய்வேலி கடலூர் மாவட்டத்தில் இருந்தாலும், நிலக்கரிச் சுரங்கத் தகராறைக் கவனிக்க வேண்டியது மத்திய அரசு. அங்கே மாநிலத் தொழிலாளர் துறையின் சமரச அலுவலர் முன் போய் நின்றால் அலைந்ததுதான் மிச்சம்.

அடுத்து உள்விசாரணை, அதாவது கம்பெனிக்குள்ளேயே நடத்தும் ஒழுங்கு விசாரணை. நிர்வாகத் தரப்பு அதிகம் தோற்கும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த ஆபரேட்டருக்கு ஆங்கிலத்தில் சார்ஜ் மெமோ கொடுப்பார்கள். "ஒழுங்கீனமாக நடந்துகொண்டீர்கள்" என்று இருக்குமே தவிர, எந்தத் தேதி, எந்த ஷிஃப்ட், யாரிடம், என்ன சொன்னார் என்று ஒன்றும் இருக்காது. சில மெமோக்களில் "நீங்கள் திருடியது நிரூபணமாகிவிட்டது, ஏன் பணிநீக்கம் செய்யக் கூடாது?" என்று எழுதியே விடுவார்கள். முடிவை முன்கூட்டியே எடுத்தாயிற்று என்று நிர்வாகமே எழுதிக் கொடுத்த பிறகு, எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வேறு சாட்சி எதற்கு?

அதைவிட மோசமானது, வக்கீலே எல்லா வேடமும் போடுவது. மெமோவை வரைந்து கொடுப்பார், விசாரணை அதிகாரியாகவும் உட்காருவார், பிறகு லேபர் கோர்ட்டில் கம்பெனிக்காக ஆஜராகவும் செய்வார். சின்ன ஊரில் ஆள் கிடைக்கவில்லை என்பார்கள். உள்விசாரணை நியாயமாக நடந்ததா என்ற கேள்வி வந்தால் விசாரணை அதிகாரி கூண்டில் ஏறிச் சாட்சி சொல்ல வேண்டும். அப்போது அந்த வக்கீல் எங்கே நிற்பார்?

எதிருரையில் (கோர்ட்டில் நிர்வாகம் தரும் எழுத்துப் பதிலில்) விட்டுப்போகும் ஒரு பத்தியும் இருக்கிறது. உள்விசாரணை செல்லாது என்று கோர்ட் சொன்னால், குற்றச்சாட்டைக் கோர்ட்டிலேயே புதிதாகச் சாட்சி வைத்து நிரூபிக்க நிர்வாகத்துக்கு வாய்ப்பு உண்டு. ஆனால் அந்த உரிமையை எதிருரையிலேயே கேட்டு வைத்திருக்க வேண்டும் என்று லட்சுமிதேவம்மா வழக்கில் 2001இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. இரண்டு வரி எழுதாததால் நல்ல கேஸ் கைவிட்டுப் போகும்.

சமரசப் பேச்சோ வழக்கோ நிலுவையில் இருக்கும்போது, அதில் சம்பந்தப்பட்ட ஒருவரை வேறொரு குற்றச்சாட்டில் வெளியே அனுப்பினால் பிரிவு 33(2)(பி) குறுக்கே நிற்கும். ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்து, கையோடு ஒப்புதல் மனுவும் போட வேண்டும். போடாவிட்டால் பணிநீக்கமே செல்லாது என்று 2002இல் இன்னொரு அரசியல் சாசன அமர்வு தீர்த்துச் சொன்னது. சஸ்பென்ஷன் லெட்டரைப் பார்க்கும்போதே "இவங்க மேல ஏதாவது தகராறு நிலுவையில இருக்கா?" என்று கேட்டுவிடுங்கள்.

வக்காலத்து போட்டாலே ஆஜராகலாம் என்று நினைத்துக்கொண்டும் சிலர் வருகிறார்கள். சமரசப் பேச்சில் வக்கீலுக்கு இடமே இல்லை. லேபர் கோர்ட்டிலும் எதிர்த்தரப்பு சம்மதித்து, கோர்ட் அனுமதித்தால்தான் உண்டு. புதிய தொகுப்பிலும் இந்தத் தடை தொடர்கிறது. சங்கத் தலைவர் எழுந்து ஆட்சேபிக்கும்போது முகம் சிவந்து பயனில்லை, அவருக்கு அந்த உரிமை இருக்கிறது.

அப்புறம் ஒப்பந்தம். சங்கத்தோடு நேரடியாகப் பேசி முடிக்கும் 18(1) ஒப்பந்தம், கையெழுத்துப் போட்ட தரப்பை மட்டுமே கட்டுப்படுத்தும். சமரச அலுவலர் முன் போடும் 12(3) ஒப்பந்தம் ஆலையில் உள்ள எல்லாத் தொழிலாளரையும் கட்டுப்படுத்தும், சங்கத்தில் சேராதவரும் அதில் அடக்கம். இரண்டு மூன்று சங்கம் இருக்கும் ஆலையில் சீக்கிரம் முடிந்தால் போதும் என்று 18(1) போட்டுவிட்டு வந்தால், ஆறு மாதத்தில் அடுத்த சங்கம் அதே கோரிக்கையோடு கேட்டில் நிற்கும்.

தீர்ப்பு எதிராக வந்ததும் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஓடி ரிட் மனு போடுவது பழக்கமாகிவிட்டது. மறுபடி வேலை கொடுக்கச் சொன்ன தீர்ப்பானால், ரிட் முடியும்வரை கடைசியாக வாங்கிய சம்பளத்தை மாதாமாதம் கொடுக்க வேண்டும் என்கிறது பிரிவு 17பி. தான் வேறெங்கும் வேலையில் இல்லை என்று அவர் பிரமாணப் பத்திரம் கொடுத்தால் போதும். வேலை வாங்காமலே வருடக்கணக்கில் சம்பளம் கொடுப்பதா, ஒரு தொகை பேசி முடிப்பதா என்ற கணக்கை முதலாளி முன் வைக்காமல் ரிட் மனு வரைவது சரியில்லை.

சங்கக்காரர்களை மட்டமாகப் பேசுவதும் வேண்டாம். 1936 ஜூலை 30 அன்று புதுச்சேரியின் சவானா பஞ்சாலைத் தொழிலாளர் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் இறந்ததைப் புதுச்சேரி இன்னும் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறது. தொழிற்சங்கத் தலைவர் வ. சுப்பையா காலத்துப் போராட்டம் இந்த ஊரின் குடும்பக் கதைகளில் இருக்கிறது. அந்த நாளில் போய் ஒரு கதவடைப்பு நோட்டீஸ் ஒட்டச் சொல்கிற வக்கீலுக்கு ஊர் தெரியவில்லை என்று அர்த்தம்.

புதிய தொகுப்புகளில் உடனே கவனிக்க வேண்டியவை சில. வேலையை விட்டவருக்கும் நீக்கப்பட்டவருக்கும் சம்பள பாக்கியை இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். குறிப்பிட்ட காலத்துக்கு எடுத்த ஊழியருக்கு ஓராண்டிலேயே பணிக்கொடை உண்டு. அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்து அலவன்ஸ்களைப் பெருக்கிய பழைய சம்பளச் சீட்டுகளை, 50 சதவீத வரம்புக்குப் (அலவன்ஸ்கள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால் மிகுதியும் சம்பளமாகவே கணக்காகும்) பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கான உள்ளகக் குழு இருக்கிறதா என்று கேட்டால், பல ஆலைகளில் இன்றும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் நகலைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள்.

கடைசியாக ஒன்று. போனில் சொன்ன ஆலோசனையை அன்றைக்கே மெயிலில் போட்டு வையுங்கள். "வேண்டாம்" என்று நீங்கள் சொன்ன லெட்டரை முதலாளி கொடுத்துவிட்டு, தோற்ற பிறகு "வக்கீல் சொல்லித்தான் செய்தோம்" என்று போர்டு மீட்டிங்கில் சொல்வது இந்தத் தொழிலில் சகஜம்.