டிரம்ஸ் பழக டிரம் செட் வேண்டாம், முதலில் ஒரு பேட் போதும்

டிரம் செட் வாங்கின பிறகு பழகிக்கொள்ளலாம் என்று வருடக்கணக்கில் தள்ளிப்போடுகிறவர்கள் நிறையப் பேர். முதல் இரண்டு மாதத்துக்கு அது தேவையே இல்லை. 5ஏ குச்சி (நடுத்தரத் தடிமன் கொண்ட டிரம் குச்சி) ஒரு ஜோடி, அடித்துப் பழக ஒரு ரப்பர் பேட், போனில் ஒரு மெட்ரோனோம் ஆப் (சீரான வேகத்தில் ‘டிக் டிக்’ என்று ஒலிப்பது) இருந்தால் போதும். பேட் கிடைக்காவிட்டால் ப்ளைவுட் துண்டில் பழைய மவுஸ் பேடை ஒட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் பிடி. குச்சியின் அடிப்பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடியுங்கள். மற்ற விரல்கள் லேசாக அணைத்திருக்கட்டும். மணிக்கட்டால் ஒரே ஓர் அடி கொடுங்கள். குச்சி பேடில் பட்டதும் தானாக மேலே எழும், அதைத் தடுக்காதீர்கள். அப்படி விட்டால் ‘டக்’ என்று தெளிவாகக் கேட்கும். இறுக்கிப் பிடித்து அழுத்தினால் ‘டப்’ என்று அமுங்கிப்போகும். இந்த வித்தியாசம் காதில் விழும்வரை அடுத்ததற்குப் போக வேண்டாம். ஒரு வாரம் ஆனாலும் சரி.

அப்புறம் மெட்ரோனோமை 60-ல் வையுங்கள், அதாவது நிமிடத்துக்கு 60 டிக். ஒரு டிக்குக்கு ஓர் அடி, வலது இடது மாற்றி மாற்றி. அது சீராக வந்ததும் டிக்குக்கு இரண்டு, பிறகு நான்கு. நான்குக்குப் போகும்போது ‘தகதிமி’ என்று வாயால் சொல்லிக்கொண்டே அடியுங்கள். வாய் தடுமாறும் இடத்தில்தான் கையும் தடுமாறும். இடது கை பெரும்பாலும் சோம்பலாக இருக்கும், அதனால் பாதி நேரம் இடதில் தொடங்குங்கள். சுத்தமாக வந்தால் மட்டும் வேகத்தை 5 கூட்டலாம்.

அடுத்து முதல் தாளம். சுடலைமாடன் கோயில் கொடை விழாவில் கணியான் கூத்து என்ற நாட்டார் கலையைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். அங்கே மகுடம் என்ற தோல் கருவி இரண்டை அடிப்பார்கள்: ஒன்று உச்சம் (மேல் ஒலி), ஒன்று மந்தம் (கீழ் ஒலி). டிரம் செட்டில் காலால் மிதிக்கும் கிக் மந்தம், நடுவில் இருக்கும் ஸ்னேர் உச்சம். எட்டு எண்ணுங்கள். வலது கை எட்டுக்கும் அடிக்கும், அதுதான் ஹை-ஹேட், ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் ஜோடித் தட்டு. கால் 1, 5. இடது கை 3, 7. செட் இல்லாமலே வலது கை தொடையில், இடது கை பேடில், கால் தரையில் என்று பழகலாம். முதலில் வலது கை மட்டும், அது சீராக வந்த பிறகு கால், கடைசியில் இடது கை.

தினமும் 20 நிமிடம் போதும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் அடிப்பதைவிட அது எவ்வளவோ மேல். வாரம் ஒருமுறை போனில் பதிவு செய்து கேளுங்கள். அடிக்கும்போது தெரியாத அவசரம் கேட்கும்போது தெரியும்.

பாளையங்கோட்டையில் ஒரு கிறிஸ்துமஸ் ஆராதனையில் நான் பல்லவிக்குப் பல்லவி வேகத்தைக் கூட்டிவிட்டேன். பாடியவர்களுக்கு மூச்சு வாங்கியது. முடிந்ததும் கீபோர்டு வாசித்த அண்ணன் தோளில் கை போட்டு, “ஏல தம்பி, பாட்டு ஒனக்குப் பின்னால ஓடி வருது. நீ பாட்டு கூட நட” என்றார். மறுநாள் மறுபடி 60-க்கு வந்தேன். மூன்று வாரம் அதைத் தாண்டவில்லை.

மணிக்கட்டு வலித்தால் உடனே நிறுத்திப் பிடியைப் பாருங்கள், பெரும்பாலும் இறுக்கம்தான் காரணம். முதன்முதலாக நிஜ செட்டில் உட்காரும் நாளில், தொடை முழங்காலை நோக்கிக் கொஞ்சம் சரிந்திருக்கும்படி ஸ்டூலை உயர்த்துங்கள். காதுக்கு இயர் பிளக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.