சிம் மாத்தியும் என் கணவர் நான் இருக்குற இடத்துக்கு வந்துட்டே இருந்தார் – என் அனுபவம்

வீட்ட விட்டு வந்து ஹாஸ்டல்ல சேர்ந்தேன், நாலாவது நாளே தெருமுனைல அவர் நிக்கிறார். சிம் மாத்தினேன், ஜிமெயில் பாஸ்வேர்ட் மாத்தினேன், வாட்ஸ்அப் லிங்க்ட் டிவைசஸ் எல்லாம் லாக் அவுட் பண்ணேன், ஒண்ணும் பலிக்கல, ஒரு வாரம் இதுலயே போச்சு. அப்புறம் அவர் எங்கம்மாவுக்கு போன் பண்ணி "அவ போன்ல 12% சார்ஜ்தான் இருக்கு, போட சொல்லுங்க"ன்னு சொல்லிருக்கார். அந்த சார்ஜ் கணக்குதான் துப்பு.

பெண்கள் உதவி எண் 181க்கு கூப்பிட்டேன். அந்தக்கா கூகுள் மேப்ஸ்ல நம்ம போட்டோவ தொட்டு லொகேஷன் ஷேரிங் பாக்க சொன்னாங்க. நான் இருக்குற இடம் அவருக்கு தெரியுற மாதிரி கல்யாணமான புதுசுல போட்டது, பாஸ்வேர்ட் மாத்தினாலும் அது பாட்டுக்கு ஓடுது, சார்ஜ் எவ்ளோன்னும் காட்டுது.

உடனே நிறுத்தாதீங்க, நிறுத்துனது அவருக்கு தெரிஞ்சிரும், முதல்ல ஸ்கிரீன்ஷாட் எடுங்க, இடம் மாறுங்கன்னாங்க. போன ஸ்விட்ச் ஆஃப் பண்ணிட்டு சகி மையத்துக்கு (வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவுற அரசு மையம்) போயிட்டேன், அங்க அவங்க பக்கத்துல இருக்கும்போதுதான் ஆன் பண்ணி ஸ்டாப் கொடுத்தேன். ஜிமெயில் ரெக்கவரி நம்பரும் அவரோடதா இருந்துச்சு, அதையும் எடுத்தேன்.

ஸ்கிரீன்ஷாட்ட பாதுகாப்பு அலுவலர்கிட்ட குடுத்து 2005 குடும்ப வன்முறை சட்டத்துல மனு போட்டாச்சு. இப்பதான் நிம்மதியா தூங்குறேன். அதுக்கப்புறம் அவர் வரல.