லெங்கோங் சாம்பலுக்கு வயது பார்ப்பது எப்படி

பினாங்கில் மண் மாதிரிகளைக் கழுவிப் பிரிப்பதுதான் என் வேலை. மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள லெங்கோங் பள்ளத்தாக்கில், சுமத்ராவின் தோபா எரிமலை வெடித்தபோது வந்த சாம்பல் அடுக்கு கிடக்கிறது. சாம்பலோடு வரும் மாணவர்கள் முதலில் எந்த இயந்திரம் என்று கேட்பார்கள். நான் முதலில் கேட்பது வேறு: தம்பி, இந்தச் சாம்பல் விழுந்த இடத்திலேயே கிடந்ததா, ஆற்றோடு வந்து சேர்ந்ததா?

சாம்பலில் உள்ள படிகம் சொல்வது எரிமலை வெடித்த காலத்தை. சாம்பல் அடித்து வரப்பட்டிருந்தால், அடுக்கு அதற்குப் பிறகுதான் உருவாகியிருக்கும். அனுமதி வாங்கி, குழிச் சுவரைக் கரணையால் செதுக்கிப் பாருங்கள். மணல் கீற்றுகள் இடையிடையே ஓடினால் அது நீர் கொண்டுவந்தது. லெங்கோங்கில் மீட்டர் கணக்கில் தடித்த அடுக்கைக் கண்டால் எனக்கு இந்தச் சந்தேகம்தான் முதலில் வரும்.

அது சாம்பல்தானா என்பதையும் பாருங்கள். ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் குழைத்தால் வெள்ளைக் களிமண் விபூதி போல வழவழப்பாக இருக்கும், சாம்பல் நறநறக்கும். நுண்ணோக்கியில் கண்ணாடிச் சில்லுகள் தெரியும். உடைந்த குமிழிச் சுவர்கள் அவை. சில கவட்டை போல மூன்று பக்கம் பிரிந்திருக்கும்.

சரி, வயதுக்கு வருவோம். தோபா வெடிப்புக்குக் கார்பன்-14 உதவாது, அதன் எல்லையே ஏறக்குறைய 50,000 ஆண்டுதான். எனக்கு நம்பிக்கை ஆர்கான் முறையில். பொட்டாசியம்-40 சிதையும்போது அதில் ஒரு பகுதி ஆர்கான் வாயுவாகிறது. பொட்டாசியம்-40-இன் அரை ஆயுள் 125 கோடி ஆண்டு. குழம்பாக இருக்கும்போது வாயு வெளியேறிவிடும், வெடித்துக் குளிர்ந்த பின் படிகத்துக்குள் சேரத் தொடங்கும். சாம்பலைச் சலித்து, பொட்டாசியம் நிறைந்த சானிடின் என்ற கனிமத்தின் தெளிவான படிகங்களை நுண்ணோக்கியின் கீழ் ஒவ்வொன்றாகப் பொறுக்குங்கள். வயது தெரிந்த படிகத்தோடு சேர்த்து அணு உலையில் நியூட்ரான் படவைத்து, பிறகு லேசரால் ஒரு படிகமாக உருக்கி அளப்பார்கள்.

ஏன் ஒவ்வொன்றாக? ஒருமுறை, பினாங்கு மலை கிரானைட் மணல் சலித்த சல்லடையை நான் சரியாகக் கழுவாமல் சாம்பலுக்குப் பயன்படுத்திவிட்டேன். இரண்டு படிகங்கள் கோடிக்கணக்கான ஆண்டு காட்டின. மொத்தமாக உருக்கியிருந்தால் சராசரியே கெட்டிருக்கும், காரணமும் பிடிபட்டிருக்காது. அன்றிலிருந்து சாம்பலுக்குத் தனிச் சல்லடைதான்.

கண்ணாடிச் சில்லில் யுரேனியம் அணு பிளந்து விட்டுச்சென்ற தடங்களை எண்ணுவதும் உண்டு. ஆனால் தடங்கள் காலப்போக்கில் மங்கும். திருத்தாவிட்டால் வயது குறைந்து வரும். மலேசியச் சாம்பலுக்கு 1980-இல் சுமார் 30,000 ஆண்டு என்றார்கள். லெங்கோங்கில் உள்ள கோத்தா தம்பான் என்ற பழங்காலக் கற்கருவிப் பட்டறைக்கும் 31,000 என்றே நெடுநாள் சொன்னார்கள். 2012-இல் லெங்கோங் சானிடினையே அளந்தபோது 73,880 வந்தது, 320 ஆண்டு கூடக்குறைய. சாம்பலின் வயது அந்தப் பழைய கணக்கைவிட இரண்டு மடங்குக்கு மேல்.

அப்புறம், சாம்பலுக்கு மேலும் கீழும் உள்ள மணலை வெளிச்சம் படாமல் குழாயில் எடுத்து ஒளிர்வு முறையில் சோதிக்கக் கொடுங்கள்; மணல் கடைசியாக வெளிச்சம் கண்ட காலத்தை அது சொல்லும். ஆறு எப்போது சாம்பலைக் கொண்டுவந்தது என்பது அதில் தெரியவரும். எடுத்த மாதிரியில் பாதியைப் பிரிக்காமல், ஆழமும் தேதியும் எழுதிப் பத்திரமாக வையுங்கள்.